வழக்கேடும் ஏழையின் வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் கருவிகளாக உதவுகின்றன. ஆனால் அவை யாவும் ஆண்டவர்கள் விட்டுச் சென்றவை. மன்னன் அளித்த நிலத்திற்குச் சாசனம் உண்டு. அந்நிலத்தை உழுதவனுக்குச் சாசனம் இல்லை. மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தமிழ்மக்களின் நிலையும் இதுவே. காட்டை அழித்தார்கள், பால்மரம் வெட்டினார்கள், 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவையும் இணைத்த இரயில் பாதை வளர்ந்து நாடெங்கும் பரவியபொழுது தண்டவாளம் சுமந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இரயில்வேத் தொழிலாளரின் குடியிருப்பாக எழுந்ததும், கிள்ளானைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும் இவர்கள் கைவண்ணமே. எனினும், இவர்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதி வைத்தது மிகக் குறைவு. எழுத்தறிவு அளிக்கப்படாத மக்கள் எதனை எழுதி வைப்பார்கள்?

ஆயினும், எழுதத் தெரியாதவன் சொல்லையும் ஏட்டில் ஏற்றியே ஆகவேண்டிய இடம் ஒன்று இருந்தது. அதுவே நீதிமன்றம். வாதியாகவோ, குற்றவாளிக் கூண்டில் நின்றவனாகவோ, சாட்சியாகவோ அவன் அங்கு வந்து வாய் திறந்தபொழுது, அவன் பெயர் எழுதப்பட்டது. தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டது. என்ன நடந்தது என்று அவன் கூறியதும் எழுதப்பட்டது. வழக்கேடு என்று நாம் சொல்வது இதனைத்தான். பிராது, குற்றப் பத்திரிகை, வாக்குமூலம், நீதிபதி தம் கைப்பட எழுதிய குறிப்பு, சான்றாகக் காட்டப்பட்ட கடிதம், இறுதியில் தீர்ப்பு ஆகிய இவையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு மன்றத்தின் பதிவகத்தில் வைக்கப்படுகின்றன.

இவ்வேட்டில் ஒரு குறையும் உண்டு. அவன் சொன்னது தமிழ். மொழிபெயர்ப்பாளர் உரைத்தது ஆங்கிலம். நீதிபதி எழுதியது அவ்வாங்கிலத்தின் சுருக்கம். ஆகவே அழுகையும் ஆத்திரமும் உதிர்ந்து, எலும்புக்கூடு மட்டுமே ஏட்டில் தங்கியது. எனினும், ஒன்றுமே இல்லாத இடத்தில் எலும்புக்கூடு பெரும் செல்வமன்றோ?

ஆவணத்தின் அருமையைத் தமிழர் அறியாதவரல்லர். பெரியபுராணத்தில் சுந்தரர் மணப்பந்தலில் வந்து வழக்காடிய முதியவரின் கதையை யாவரும் அறிவர். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாக ஓர் அடிமையோலையை அவர் நீட்ட, சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை தம்மிடம் உண்டு என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அம்மூலவோலையை வாங்கி, பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புக் கூறுகின்றனர். மூலம் வேறு, நகல் வேறு, கையெழுத்தை ஒப்புநோக்கும் முறை வேறு என இக்காலச் சான்றுச் சட்டம் பேசுவனவெல்லாம் அக்கதையில் உள்ளன. பக்தர்கள் அதில் திருவருளைக் காணட்டும். நமக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. மூன்றாம் தலைமுறைவரை பத்திரமாகக் காக்கப்பட்ட அந்த ஓலை எவ்வகை ஓலை? ஒருவனை அடிமை என்று நிலைநாட்டும் ஓலை! ஆண்டான் தன் ஓலையைக் காத்துக்கொள்ளத் தவறுவதில்லை. அடிமைப்பட்டவனுக்கு உதவும் ஓலையை யார் காப்பார் என்பதே கேள்வி.

மலாயாவிலும் இதே நிலைதான். ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்படும்வரை, தொழிலாளி கைநாட்டு வைத்த ஒப்பந்தச் சீட்டு தோட்டத் துரையின் பெட்டியில் இருந்தது. காலம் முடியுமுன் வேலையை விட்டு ஓடியவன் கடனாளியாகக் கருதப்பட்டிருந்தால் கடனைக் கட்டியிருப்பான். அவனோ குற்றவாளியாகக் கருதப்பட்டான், மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட்டான், சிறைக்கும் சென்றான். அன்று கூண்டில் நின்றவர்கள் இன்று நமக்குப் பாட்டனும் பூட்டனுமாவர். அவர்கள் நின்ற வழக்குகள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் இடம்பெறவில்லை. 1932ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலாயன் லா ஜர்னல் முதலிய தொகுதிகள், புதிய சட்டக் கருத்து எழுந்த வழக்குகளையே அச்சிடுகின்றன. வேலையை விட்டு ஓடிய கூலியின் வழக்கில் சட்டப் புதுமை என்ன இருக்கிறது? பசியில் புதுமை ஏது?

இதற்கு நேர்மாறாக ஒன்றைக் காட்டுவோம். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத் தலைமையாசிரியர் இல்லத்தின் தாழ்வாரத்தில், எத்தல் பிரவுட்லாக் என்னும் வெள்ளைக்கார மாது, சுரங்க நிர்வாகி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். நீதிபதியும் இரண்டு மதிப்பீட்டாளரும் இருந்து விசாரித்து அவருக்கு மரண தண்டனை விதித்தனர். சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பளித்து விடுவித்தார். அவ்வழக்கின் சாட்சியங்களைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக வெளியிட்டன. சாமர்செட் மாம் அதனை ‘தி லெட்டர்’ என்னும் கதையாகவும் பின் நாடகமாகவும் ஆக்கினார். அதற்குப் பின்னும் நூல்கள் வந்தன. ஒரு வெள்ளை மாதின் ஒரு வழக்குக்கு இத்தனை ஏடு! அதே நகரில், அதே காலத்தில், மன்றமேறிய தமிழர் எத்தனை பேர்? அவர்களுக்காக ஒரு கதையேனும் எழுந்ததா? ஏடு இல்லாமையால் எழவில்லை என்று சொல்வதைவிட, ஏட்டைத் தேடுவார் இல்லாமையால் எழவில்லை என்பதே பொருந்தும்.

நிற்க. வழக்கேடு இருந்தும் தேடாமை ஒரு குறை. வழக்கே நடவாமையால் ஏடும் இல்லாமற்போவது அதனினும் கொடிது. 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் அதற்குச் சான்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரும், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் துணையாசிரியருமான ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையின் எதிரிலும் கிராணியின் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டுமென்றார்கள். கூலியை உயர்த்து என்பது வயிற்றின் குரல். சைக்கிளில் இருந்து இறங்கமாட்டேன் என்பது மானத்தின் குரல். வயிற்றுக்கு விலை பேச முன்வந்த ஆட்சி மானத்துக்கு அஞ்சியது.

அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். தோட்டம் தோட்டமாக மக்கள் கொதித்தெழுந்தனர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். எந்த மன்றத்தில் விசாரணை? எந்த மன்றத்திலும் இல்லை. என்ன குற்றச்சாட்டு? கூண்டில் ஏற்றிப் படித்துக் காட்டப்பட்ட குற்றச்சாட்டு எதுவுமில்லை. அதிகாரிகளின் ஆணையே வழக்கும் தீர்ப்புமாக முடிந்தது. ஆகவே, நாதன் தம் வாயால் என்ன மறுமொழி கூறியிருப்பார், தோட்டத் தொழிலாளர் சாட்சி சொல்ல வந்திருந்தால் என்னென்ன வெளிவந்திருக்கும், துரைமார்களைக் குறுக்கு விசாரணை செய்திருந்தால் எந்தக் கணக்கு அம்பலமாகியிருக்கும் என்பனவெல்லாம் காற்றோடு போயின. இன்று அந்நிகழ்ச்சியை ஆராய்வோர், இலண்டன் கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற அலுவலகத்தின் கடிதக் கட்டுகளை நாடுகின்றனர். அக்கட்டுகளில் பேசுவோர் கவர்னரும் காரியதரிசிகளும். அடித்தவன் எழுதிய குறிப்பிலிருந்து அடிபட்டவனின் வரலாற்றைப் பிழிந்தெடுக்க வேண்டியிருக்கிறது!

எட்டாண்டுகள் கழித்து நடந்ததையும் காண்போம். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று அவசரகால ஒழுங்குவிதி கூறிற்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவ்விதியின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை பெற்றார். இந்திய அரசாங்கம் உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லாமற்போயிற்று. மே மாதம் 4ஆம் நாள் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

நாடு கடத்தப்பட்டவனைவிடத் தூக்கிலேறியவன் பேறு பெற்றவன் என்று நாம் சொல்ல வரவில்லை. அச்சட்டம் கொடிய சட்டம். அவ்விசாரணையின் வேகமும் நீதிக்கு அழகு சேர்ப்பதன்று. நாம் சுட்டுவது வேறு. கணபதிக்கு மன்றம் இருந்தது, குற்றச்சாட்டு இருந்தது, சாட்சிகள் ஏறினர், அவரும் பேசினார். மன்றம் என்று ஒன்று கூடியதனாலேயே, “இந்தத் தீர்ப்பு நேர்மையானதுதானா?” என்று பின்வரும் தலைமுறை கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்தது. நாதன் காரியத்தில் அக்கேள்வியைக் கேட்பதற்கே தீர்ப்பில்லை. அநீதியான தீர்ப்பும் தன்னை அறியாமல் தனக்கு எதிரான சாட்சியை எழுதி வைக்கிறது. ஆணைச்சீட்டு அதனையும் எழுதி வைப்பதில்லை. புடுச் சிறையின் மதிலை 2010ஆம் ஆண்டு முதல் இடித்தாயிற்று. இன்று அந்நிலத்தில் கடைத்தொகுதி நிற்கிறது. கல் போனபின் எஞ்சுவது காகிதமே.

காகிதத்தையும் விட்டு வைக்க ஆட்சியாளர் எப்பொழுதும் விரும்புவதில்லை. 1957ஆம் ஆண்டு விடுதலையை ஒட்டிப் பிரிட்டிஷ் அதிகாரிகள் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகள் நிறைய ஆவணங்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், கடற்படையின் உலையிலிட்டு எரித்தனர். இன்னும் சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று ஒளித்து வைத்தனர். கென்யாவில் வதைபட்ட முதியவர்கள் இலண்டனில் வழக்குத் தொடுத்தபொழுது, முன்னாள் குடியேற்ற நாடுகள் 37இன் கட்டுகள் ஹான்ஸ்லோப் பார்க் என்னும் இடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருப்பது 2011ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மலாயாக் கட்டுகளும் அவற்றுள் இருந்தன. அடுத்த ஆண்டு முதல் அவை பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. கதவைத் திறந்தது அரசாங்கத்தின் தயாளமா? மன்றமேறிய ஏழைக் கிழவர்களின் வழக்கே அதனைத் திறந்தது.

நம் பக்கத்திலும் இதற்கொப்ப ஒன்று உண்டு. சிலாங்கூரில் பத்தாங்காலி என்னுமிடத்தில் 1948ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றவர்களைச் சுட்டோம் என்பது அன்று கூறப்பட்ட சமாதானம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் உறவினர்கள் விடவில்லை; இங்கிலாந்தின் மன்றங்களை ஏறி இறங்கினர். 2015ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், விசாரணை நடத்த அரசாங்கம் கட்டுப்பட்டதன்று என்று தீர்ப்பளித்தது. அவர்கள் தோற்றார்கள். ஆனால் அத்தீர்ப்பைப் படிப்போர், படைவீரர் பின்னாளில் அளித்த வாக்குமூலங்கள் முதலிய சான்றுகள் அங்கு வரிசையாக எடுத்துரைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கட்டணமின்றி உலகில் எவரும் படிக்கலாம். வழக்கில் தோற்று வரலாற்றில் வென்றோர் அவர்கள்.

இனி, வழக்கேட்டைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டா என்று பார்ப்போம். உண்டு, அதுவும் பழமையான உரிமை. ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வகுத்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம், 1893ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் சட்டமாயிற்று. மலாயாவில் 1950ஆம் ஆண்டின் சான்றுச் சட்டமாக நிலைபெற்றது. இந்தியா 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் தன் சட்டத்தை மாற்றி வேறொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மலேசியாவிலோ பழைய பிரிவு எண்களே வழங்குகின்றன. நீதித்துறை அலுவலரின் செயல்களைப் பதிந்த ஏடுகள் பொது ஆவணங்கள் என்கிறது 74ஆம் பிரிவு. பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமையுள்ள ஒருவர் கேட்டால், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, உண்மை நகல் எனச் சான்றெழுதிக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 76ஆம் பிரிவு. மேலும், மன்றம் கூடுமிடம் பொதுமக்கள் வரத்தக்க திறந்த இடம் என்பது 1964ஆம் ஆண்டின் நீதிமன்றச் சட்டம். சிவில் வழக்குகளில், தொடக்க மனுவையும் பிறப்பித்த உத்தரவையும் கட்டணம் செலுத்திப் பார்வையிட 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் இடந்தருகின்றன. ஏனைய தாள்களுக்குப் பதிவாளரின் அனுமதி வேண்டும்.

உரிமை இருப்பதை அறிந்தால் போதாது, வழியும் அறியவேண்டும். முதலில், எந்த மன்றம் என்று தெளியவேண்டும். 1974ஆம் ஆண்டில் கூட்டரசுப் பிரதேசமாகும்வரை கோலாலம்பூரே சிலாங்கூரின் தலைநகர். ஆதலால் கிள்ளானில் நடந்த பெருங்குற்றமாயினும், அக்காலத்து உயர்நீதிமன்ற வழக்கைக் கோலாலம்பூரில்தான் தேடவேண்டும். இன்று சிலாங்கூரின் உயர்நீதிமன்றம் ஷா ஆலத்தில் இருக்கிறது. சிறு வழக்குகளுக்குக் கிள்ளானிலேயே மன்றம் உண்டு. கோலாலம்பூர் மன்றங்களும் சுல்தான் அப்துல் சமாது கட்டிடத்தை விட்டு, 2007ஆம் ஆண்டில் ஜாலான் டூத்தா வளாகத்துக்கு மாறிவிட்டன. அச்சாலைக்கு இன்று ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் என்று பெயர். மணிக்கூண்டைப் பார்த்து அங்கே மன்றம் இருக்கிறது என்று போவோர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

அடுத்து, வழக்கு எண்ணும் ஆண்டும் வேண்டும். எண் தெரியாவிடில் ஆண்டும் பெயரும் கொண்டு தேடவேண்டும். இங்குதான் தமிழர்க்குத் தனித் தொல்லை. இராமசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு கிராணி ஒருவிதமாகவும் மற்றொரு கிராணி வேறுவிதமாகவும் எழுதினார். தகப்பன் பெயர் சிலவேளை முன்னே, சிலவேளை பின்னே. முனியம்மாவும் மினியம்மாவும் ஒருவரே என்று அலுவலகம் அறியாது. நாம்தான் எல்லா வடிவங்களையும் எழுதிக் கொடுக்கவேண்டும். பழைய பத்திரிகை இதற்குப் பெருந்துணை. சிங்கப்பூர் தேசிய நூலகம் அக்கால ஆங்கிலத் தினசரிகளைக் கணினியில் தேடிப் படிக்க வகைசெய்துள்ளது. கோலாலம்பூர், கிள்ளான் மன்றச் செய்திகள் அவற்றில் அடிக்கடி வந்தன. அங்கு நாள் கிடைத்தால் ஏட்டுக்கு வழி கிடைத்தது.

பிறகு பதிவகத்தில் எழுத்து மூலம் மனுச் செய்யவேண்டும். கேட்பவர் யார், வழக்கில் அவருக்குள்ள தொடர்பு என்ன, வேண்டுவது தீர்ப்பா, சாட்சிக் குறிப்பா என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும். நில வழக்குக்கோ வாரிசுரிமைக்கோ பயன்படுத்துவதாயின் சான்றளித்த நகலே வேண்டும். ஆராய்ச்சிக்குச் சாதாரண நகல் போதும். மிகப் பழைய ஏடு பதிவகத்தில் இல்லையென்றால் அத்துடன் நின்றுவிடலாகாது. 1957ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய ஆவணக் காப்பகம் அதே சாலையில் உள்ளது. அங்கே 1875ஆம் ஆண்டு தொட்டுச் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. தொழிலாளர் முறையீடும், மாஜிஸ்திரேட்டின் கடிதமும், மருத்துவரின் அறிக்கையும் அவற்றில் கலந்துகிடக்கின்றன. மன்ற ஏடு மறைந்த இடத்திலும் அதன் நிழல் அங்கே விழுந்திருக்கக்கூடும்.

எல்லா ஏட்டையும் எல்லாரும் காணலாமோ எனின், கூடாது. சிறுவர் வழக்கு, மூடிய அறையில் விசாரிக்கப்பட்ட வழக்கு ஆகியவற்றுக்குத் திரை வேண்டும். அயலான் வீட்டுச் சண்டையைத் தோண்டி ஊர்வம்பு பேசுவதற்கும் இவ்வுரிமை ஏற்பட்டதன்று. ஆனால் திரை, எளியவரைக் காப்பதற்கு உரியது. வலியவரை மறைப்பதற்கு உரியதன்று. இந்த வேறுபாட்டை மறந்த அரசாங்கம் எதனையும் இரகசியம் என்று முத்திரை குத்தும்.

“செத்தவர் வழக்கைக் கிளறி என்ன பயன்? பாட்டன் சிறைக்குப் போனான் என்று தெரிந்தால் குடும்பத்துக்கு மானக்கேடல்லவா?” என்று கேட்போர் உளர். யாருக்கு மானக்கேடு? பட்டினியால் தோட்டத்தை விட்டு ஓடியவனுக்கா, ஓடியவனைச் சிறையிலிட்டவனுக்கா? சிறை சென்ற வ. உ. சிதம்பரனாருக்கு 1908ஆம் ஆண்டில் விதித்த தண்டனையைத் தமிழ்நாடு பெருமையோடு நினைவுகூர்கிறது. அவருக்குப் பெருமையாவது கிள்ளான் தோட்டத்துக் கூலிக்கு மட்டும் இழிவாகுமா? சிறைக் கணக்கில் நம் முன்னோர் பெயர் இருப்பதற்கு வெட்கப்படவேண்டியது அக்கணக்கை எழுத நேர்ந்த சட்டமேயாகும்.

பயனும் உண்டு. தோட்டம் விற்கப்பட்டுக் குடியிருப்பை விட்டு வெளியேற்றப்படும் குடும்பமும், பிறப்புப் பத்திரமின்றிக் குடியுரிமைக்கு அலையும் குடும்பமும் இன்றும் நம்மிடையே உள்ளன. “எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள்?” என்று அவர்களைக் கேட்கிறார்கள். கேட்பவன் முன் கண்ணீர் சான்றாகாது. பாட்டன் இத்தோட்டத்தில் இந்த ஆண்டு இருந்தான் என்று காட்டும் பழைய ஏட்டின் சான்றளித்த நகல் ஒரு சான்றாகலாம்.

கும்பாபிஷேகத்துக்கு மலர் அச்சிட்டு, நன்கொடையாளர் படத்தைப் பக்கம் பக்கமாகப் போடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அச்செலவில் நூற்றில் ஒரு பங்கு போதும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள சங்கங்கள் ஆளுக்கு இரண்டு இளைஞரை அனுப்பி, தத்தம் வட்டாரத் தோட்டங்களைப்பற்றிய பழைய வழக்கேடுகளையும் கோப்புகளையும் தேடி நகலெடுத்து, தமிழில் பெயர்த்து, பள்ளி நூலகத்தில் வைக்கட்டும். ஆங்கிலத்தில் சுருங்கிப்போன அந்தச் சாட்சிச் சொற்கள் மறுபடியும் தாய்மொழிக்குத் திரும்பட்டும். முதியோர் உயிரோடிருக்கும்பொழுதே பெயரும் ஆண்டும் கேட்டெழுதிக் கொள்ளுங்கள். அவைதாம் பதிவகத்தின் சாவி. ஆண்டான் தன் ஓலையைக் காத்தான். நம் பாட்டன்மாரின் ஓலையைக் காக்கும் கடமை நம்முடையது. மனு எழுதுவதற்கு ஒரு தாளும், கட்டணத்துக்குச் சில வெள்ளியும், கேட்பதற்குக் கூசாத நெஞ்சும் இருந்தால் அப்பணியை நாளைக்கே தொடங்கலாம்.